தேதி மட்டும் நகராது

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் எழும்பிக்கொண்டிருந்தபோது, அங்கே மண் சுமக்க வந்தவர்களுக்கு அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர்கள் அந்தத் தொகையைக் கணக்கில் எழுதினார்கள். ஆனால் தொழிலாளியின் கையில் நேரே கொடுக்கவில்லை. ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்த ஜமாதாரிடம் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் மேஸ்திரி என்கிறோமே, அவர்தான் அங்கே ஜமாதார். அவர் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மிச்சம் எட்டேகால் ரூபாயைக் கொடுத்தார். அந்த ஒரு ரூபாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் மூன்று சமூக ஆய்வாளர்களை வேலைத்தளங்களுக்கு அனுப்பி விசாரிக்கச் செய்து, அவர்கள் தந்த அறிக்கையை வைத்து நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1982 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரிடம் வேலை வாங்கினால் அது அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். சாட்டையை ஓங்கினால்தான் கட்டாயம் என்றில்லை, பசி ஒருவரை அந்தக் கூலிக்குத் தள்ளினால் அதுவும் கட்டாயமே என்று விளக்கம் சொன்னது. கட்டுமானம் ஆபத்தான தொழில், அதில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஈடுபடுத்தக் கூடாது என்றும் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று, போட்டி கோலாகலமாகத் தொடங்கியது. அதற்குள் கட்டட வேலை பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது.

28 ஆண்டுகள் கழித்து அதே டெல்லியில், காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு எட்டு மாதம் இருக்கையில், அதே சங்கம் மறுபடி நீதிமன்றப் படியேறியது. இம்முறை டெல்லி உயர் நீதிமன்றம். புகாரும் ஏறக்குறைய அதேதான்: குறைந்தபட்சக் கூலி இல்லை, மிகைநேரத்துக்குப் பணம் இல்லை, தலைக்கவசம் இல்லை, தங்கும் கொட்டகையில் கழிப்பறை இல்லை. நீதிமன்றம் முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 2010 மார்ச்சில் தந்த அறிக்கை புகார்களை உறுதிசெய்தது. இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் சட்டம் சும்மா இருக்கவில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்றே 1996இல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் வரி பிடித்து நல வாரியத்தில் சேர்க்க வேண்டும், பதிவு செய்த தொழிலாளிக்கு அதிலிருந்து உதவி போக வேண்டும் என்பது ஏற்பாடு. டெல்லி வாரியத்தில் பணம் குவிந்தது. அதில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. வேலைத்தளத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பதிவேட்டில் இல்லாததே காரணம். தீர்ப்பும் சட்டமும் பணமும் இருந்தும் 1982இல் நடந்தது 2010இல் ஏன் திரும்ப நடந்தது? அகமதாபாத் 2030இல் காமன்வெல்த் போட்டியை நடத்தப்போகிறது, 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா ஆசைப்படுகிறது என்ற நிலையில், இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் நகர முடியாது.

ஊழல், அலட்சியம், அதிகாரிகளின் மெத்தனம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அவை உண்மைதான். ஆனால் அவை டெல்லியில் எல்லா நாளும் இருப்பவை. விளையாட்டுக்கென்று வந்தவை அல்ல. விளையாட்டு கூடுதலாகக் கொண்டுவருவது நகர்த்த முடியாத ஒரு தேதியை. சாதாரணமாக ஓர் அரசுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மேம்பாலத்துக்கு டெண்டர் விடுகிறார்கள். விலை மிகையாக இருந்தால் ரத்து செய்துவிட்டு மறுபடி விடுகிறார்கள். குடிசைகளை எடுக்கச் சொன்னால் யாரோ ஒருவர் தடையாணை வாங்குகிறார். சாரம் சரிந்து ஆள் செத்தால் வேலை நிற்கிறது, விசாரணை நடக்கிறது. பாலம் ஓராண்டு தள்ளிப்போகிறது. போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நாம் சலித்துக்கொள்ளும் இந்தத் தாமதம்தான் எளிய மனிதருக்கு அரசின்மேல் இருக்கும் ஒரே பிடி. வழக்கு போடவும், தணிக்கை செய்யவும், கூலி கேட்டுப் பேசவும் அவகாசம் தருவது அந்தத் தாமதமே. திறப்பு விழா நாளை உலகத்துக்கே அறிவித்துவிட்ட பிறகு அந்தப் பிடி நழுவிவிடுகிறது. தேதி நகராது, ஆகவே மற்ற எல்லாமும் நகர்ந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் பட்ஜெட் நகர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960க்குப் பிந்தைய ஒலிம்பிக் போட்டிகளை எடுத்துக்கொண்டு, கணக்குக் கிடைத்தவற்றையெல்லாம் சரிபார்த்தார்கள். ஒன்றுகூட முதல் மதிப்பீட்டுக்குள் முடியவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் நகராத தேதிக்கு முக்கிய இடம் உண்டு.

டெல்லியின் கதையை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். 2003 நவம்பரில் ஜமைக்காவில் நடந்த வாக்கெடுப்பில் டெல்லி 46க்கு 22 என்று கனடாவின் ஹாமில்டனை வென்றது. பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் வீரர் பயிற்சிக்காக ஒரு லட்சம் டாலர் தருவதாக இந்தியா வாக்களித்திருந்தது. சுமார் 1,200 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு கடைசியில் 18,532 கோடியில் போய் நின்றது. ஆனால் அந்த அறிக்கையில் பணத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு ஒன்று. ஏழு ஆண்டு அவகாசம் கையில் இருந்தும் ஆரம்ப ஆண்டுகள் வீணடிக்கப்பட்டன. காரணமே சொல்ல முடியாத தாமதங்கள் நடந்தன. பிறகு நேரமில்லை என்ற நெருக்கடி செயற்கையாக உருவாக்கப்பட்டது. அந்த நெருக்கடியைக் காட்டி விதிகள் தளர்த்தப்பட்டன என்கிறது தணிக்கை. அதாவது தேதி சும்மா மேலே வந்து விழவில்லை. அது நெருங்கி வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. போட்டி தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கையில், 2010 செப்டம்பர் 21 அன்று, நேரு ஸ்டேடியத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் வந்து சில நாட்களில் மாற்றுப் பாலம் அமைத்தார்கள்.

அந்த நாட்களில் நம் தொலைக்காட்சிகளும் செய்தித்தாள்களும் மிகையான வாடகைக்கு எடுக்கப்பட்ட டிரெட்மில்களையும், கண்ணைப் பறிக்கும் விலைக்கு வாங்கப்பட்ட டாய்லெட் பேப்பரையும் வாரக்கணக்கில் பேசின. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி 2011 ஏப்ரலில் கைதானார். அவர் மீதான பணமோசடி வழக்கை முடித்துவைக்கக் கோரிய அறிக்கையை 2025 ஏப்ரலில் டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்தப் பரபரப்பில் அமுங்கிப்போன ஒரு செய்தி உண்டு. பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று ஒன்று அப்போது இருந்தது. மாநிலத் திட்டச் செலவில் அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ற பங்கை அவர்கள் கல்விக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் என்றே ஒதுக்க வேண்டியிருந்தது. டெல்லி அரசு அந்த ஒதுக்கீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கோடியைக் காமன்வெல்த் வேலைகளுக்குத் திருப்பிவிட்டது. ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய ஆவணங்களால்தான் இது வெளிவந்தது. 2010 ஆகஸ்ட் கடைசியில் மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் அப்படித் திருப்பியது தவறு என்று ஒப்புக்கொண்டார். சுமார் 678 கோடி என்று தொகையையும் சொன்னார். திருப்பித் தரப்படும் என்றார். தேதி நெருங்கும்போது எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்று இதில் தெரிகிறது. கேட்க ஆளில்லாத கதவு அது. டிரெட்மில் வாடகையில் போன பணத்தைவிட இது பல மடங்கு. யாரும் இதற்காகச் சிறைக்குப் போகவில்லை.

நிலத்திலும் அதுவே நடந்தது. டெல்லியில் காமன்வெல்த் வேலைகளை ஒட்டி குறைந்தது இரண்டு லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்று அதே அமைப்பு பின்னர் கணக்கிட்டது. அவர்களில் தமிழர்களும் உண்டு. நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜங்புராவில் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய தலித் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வீட்டு வேலை, துப்புரவு, கூலி வேலை என்று அந்த நகரத்தின் அன்றாடத்தைத் தாங்கியவர்கள். 2010 ஏப்ரலில் வாகன நிறுத்துமிடத்துக்காக அது இடிக்கப்பட்டது. இங்கே பணத்தையும் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கென்று எழுதிவைத்த பணம் விளையாட்டுக்குப் போனது. பட்டியல் சாதிக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் விளையாட்டுக்கு வந்தவர்களின் கார்களுக்குப் போனது. ஜங்புரா இடிக்கப்படுவதற்கு நான்கு மாதம் முன்பு, 2009 டிசம்பர் கடைசியில், டெல்லிக் குளிர் உச்சத்தில் இருந்தபோது, பூசா சாலை ரவுண்டானாவில் வீடற்றவர்கள் படுத்திருந்த தற்காலிகக் கூடாரத்தை மாநகராட்சி அகற்றியது. நகரை அழகுபடுத்தப் புல் வளர்க்க வேண்டுமாம். உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தலையிட்டன. நகரங்களில் வீடற்றோருக்கு இரவுத் தங்குமிடம் வேண்டும் என்ற உத்தரவுகள் நாடு முழுவதற்கும் அதிலிருந்துதான் விரிந்தன. அகற்ற முடியாத குடிசைகளை மறைத்து, போட்டியின் சின்னமான ஷேரா புலியின் படம் போட்ட தட்டிகள் சாலையோரம் எழும்பின. பிச்சையெடுப்பவர்களைப் பிடிக்க நடமாடும் நீதிமன்றங்கள் சுற்றின.

அரசியலில் நகராத தேதியின் விளைவு சில சமயம் எதிர்பாராத திசையில் போய் வெடிக்கும். 1982 போட்டி நடந்த நாட்களில் சீக்கியர்களின் கட்சியான அகாலி தளம் தன் கோரிக்கைகளை உலகத்தின் கண்முன் வைக்க டெல்லியில் போராட்டம் நடத்தப்போவதாக அறிவித்தது. பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு ஹரியானா வழியாகத்தான் வர வேண்டும். பஜன்லால் தலைமையிலான ஹரியானா அரசு சாலைகளிலும் ரயில்களிலும் சோதனை போட்டது. தலைப்பாகை கட்டியவர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. பேருந்திலிருந்து இறக்கப்பட்டார்கள், உடல் சோதனைக்கு நிறுத்தப்பட்டார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாட்டுக்காகப் போரிட்டு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் இதற்குத் தப்பவில்லை. போட்டி எந்தக் குழப்பமும் இல்லாமல் முடிந்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்த பெருமையும் போட்டிச் சின்னமான அப்பு யானைக் குட்டியும்தான் நாட்டின் மற்ற பகுதிகளில் நினைவில் தங்கின. பஞ்சாபில் தங்கியது அந்த அவமானம். அதன் பிறகு ஒன்றரை ஆண்டில் அங்கே நடந்த வன்முறைக்கெல்லாம் ஆசியாட் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. காரணங்கள் பல, பழையவை. ஆனால் மிதவாதிகளின் குரல் ஓய்ந்து தீவிரவாதிகளின் குரல் ஓங்கிய அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் ஹரியானா எல்லைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இரண்டு வாரம் டெல்லி அமைதியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சமூகம் முழுவதும் தன் நாட்டிலேயே அந்நியமாக உணரவைக்கப்பட்டது. எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இந்தச் செலவு ஏறாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவான வாதம்தான். போட்டி வராமல் இருந்திருந்தால் டெல்லிக்கு இத்தனை மெட்ரோ பாதை இவ்வளவு வேகமாக வந்திருக்குமா? 2010 ஜூலையில் விமான நிலையத்தின் மூன்றாவது முனையம் திறந்தது. தாழ்தளப் பேருந்துகள் வந்தன. பாராபுல்லா உயர்மட்டச் சாலை வந்தது. 38 தங்கம் உட்பட 101 பதக்கங்களோடு இந்தியா இரண்டாமிடம் பிடித்தது. அந்த வாரங்களில் மல்யுத்தத்துக்கும் தடகளத்துக்கும் வந்த பெண் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு வாசல். எதையும் நான் மறுக்கவில்லை. மெட்ரோவில் போகிறவர்களில் கூலித் தொழிலாளியும் இருக்கிறார். ஆனால் தேதிதான் இவற்றைத் தந்தது என்ற வாதத்தை உரசிப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. விமான நிலைய விரைவு மெட்ரோவும் போட்டிக்குள் முடிய வேண்டியதுதான். முடியவில்லை, 2011 பிப்ரவரியில்தான் ஓடத் தொடங்கியது. போட்டி அது இல்லாமலே நடந்தது. மற்றவற்றிலும் ஆறு மாதம், ஓராண்டு தாமதம் வந்திருந்தால் நகரம் அதையும் தாங்கியிருக்கும். பார்சிலோனாவை எல்லோரும் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள், நியாயம்தான். 1992 ஒலிம்பிக்கால் அந்த நகரத்துக்குக் கடற்கரை திரும்பக் கிடைத்தது. ஆனால் அங்கே நகரத்துக்கான பெருந்திட்டம் 1976லேயே தயாராகியிருந்தது. ஒலிம்பிக் பத்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வாய்ப்பு. அதைத் தங்கள் திட்டத்துக்குள் பொருத்திக்கொண்டார்கள். திட்டம் முதலில், தேதி பிறகு. டெல்லியில் யமுனைப் படுகையில் எழுந்த விளையாட்டுக் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் வெள்ளவெளியில் கட்டடம் கூடாது என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். தேதியும் கட்டடமும் சேர்ந்து அந்த வாதத்தைப் பின்னுக்குத் தள்ளின.

இன்னொரு எதிர்வாதம் வெளிச்சத்தைப் பற்றியது. உலகத்தின் கண் படும்போது அரசுகள் திருந்துகின்றன, கத்தாரைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம், அந்த நாட்டின் கட்டட வேலையில் தமிழ்நாட்டுக்காரரும் இலங்கைக்காரரும் ஏராளம் என்பதால் நமக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. 2010 டிசம்பரில் கால்பந்து உலகக் கோப்பை கத்தாருக்குக் கிடைத்தது. முதலாளி அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாத நிலை 2020இல் சட்டப்படி நீங்கியது. மாதம் 1,000 ரியால் என்ற குறைந்தபட்ச ஊதியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வெயில் நேரத்தில் வெளியே வேலை வாங்கத் தடையும் அதே ஆண்டில் இறுகியது. நல்ல மாற்றங்கள், வளைகுடாவில் வேறெங்கும் எளிதில் நடக்காதவை. ஆனால் இந்த வெளிச்சம் வந்து சேரப் பத்து ஆண்டு பிடித்தது, அதற்குள் ஸ்டேடியங்களின் கட்டுமானம் பெருமளவு முடிந்துவிட்டது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலாளர் 6,500 பேருக்கு மேல் அந்தப் பத்தாண்டில் கத்தாரில் இறந்ததாக 2021இல் கார்டியன் நாளிதழ் கணக்கிட்டது. இது எல்லாத் தொழில்களிலும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். போட்டி தொடர்பான வேலைகளில் 400இலிருந்து 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலர் ஹசன் அல் தவாதி 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். சரியான எண் ஏன் யாரிடமும் இல்லை? பிரேதப் பரிசோதனை செய்யாமலே ‘இயற்கை மரணம்’ என்றும் ‘மாரடைப்பு’ என்றும் எழுதிப் பெட்டியை ஊருக்கு அனுப்பியதால்தான். இருபத்தெட்டு வயது இளைஞனுக்கு எது இயற்கை மரணம் என்று அவன் வீட்டில் யாரும் கேட்க முடியாதபடி விசாரணைக்கான நேரமும் தேதிக்குப் பலியானது.

தேதி எப்போதும் எளியவருக்கு எதிராகவே வேலை செய்யும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் சரியல்ல. 2009 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் கால்பந்து உலகக் கோப்பைக்கான ஸ்டேடியங்களையும் மற்றக் கட்டுமானங்களையும் எழுப்பிக்கொண்டிருந்த சுமார் 70,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரம்தான். 12 சதவீதக் கூலி உயர்வோடு வேலைக்குத் திரும்பினார்கள். அங்கே தேதி முதலாளியின் கழுத்தைப் பிடித்தது. 1987 ஜூனில் தென்கொரியாவில் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் தெருவுக்கு வந்தபோது ராணுவ ஆட்சி துப்பாக்கியைத் தூக்கத் தயங்கியதற்கு, அடுத்த ஆண்டு சியோல் ஒலிம்பிக் கைநழுவிப்போகும் என்ற பயமும் ஒரு காரணம். ஜூன் 29 அன்று நேரடித் தேர்தலுக்கு ஆட்சி இணங்கியது. அதே சியோலில்தான், ஒலிம்பிக்கை ஒட்டி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. மெக்சிகோவில் 1968இல், போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கையில், த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களை அரசு சுட்டது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. நகராத தேதி எல்லோருக்கும் பேரம்பேசும் பலத்தைக் கூட்டுகிறது; சங்கமாகத் திரண்டவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், திரளாதவர்கள் அதற்கு அடியில் சிக்குகிறார்கள். தென்னாப்பிரிக்கக் கொத்தனாருக்குச் சங்கம் இருந்தது. மேஸ்திரியை நம்பி ரயிலேறி வந்து, மொழி தெரியாத ஊரில், வேலைத்தளத்துக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தங்கிய டெல்லித் தொழிலாளிக்கு அது இல்லை.

அப்படியானால் போட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். அப்படிச் சொன்ன ஊர்கள் இருக்கின்றன. 1976 குளிர்கால ஒலிம்பிக்கை வாங்கிய பிறகு, 1972இல் கொலராடோ மக்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தார்கள். 2015இல் ஹாம்பர்க் வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கைமீறுகிறது என்று 2026 காமன்வெல்த் போட்டியிலிருந்து விலகி, 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்தப் போட்டியை ஏற்ற கிளாஸ்கோ, புதிய ஸ்டேடியம் எதுவும் கட்டாமல், பத்தே விளையாட்டுகளை ஏற்கனவே இருக்கிற நான்கு இடங்களில் நடத்தத் திட்டமிட்டது. நான் இவர்களைப் பின்பற்றச் சொல்லவில்லை. இந்தியப் பிள்ளைகள் உலகத்தின் சிறந்த வீரர்களைத் தங்கள் மண்ணில் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் இந்த வரலாறு நம் கையில் ஒரு பலத்தைத் தருகிறது. போட்டி நடத்த ஊர்கள் வரிசைகட்டி நின்ற காலம் போய்விட்டது. 2030க்குக் கடைசிவரை நின்றவை அகமதாபாத்தும் நைஜீரியாவின் அபுஜாவும்தான். கேட்பவர் குறைந்த சந்தையில் வாங்குபவர் நிபந்தனை போடலாம். 2003இல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாக்குக் கேட்ட இடத்தில் இந்தியா இன்று இல்லை.

கட்டாமலே நடத்தலாம் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. உக்ரைன் மீதான போரால் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாடை 2022 மார்ச்சில் தமிழ்நாடு பெற்றது. ஜூலை 28 அன்று சென்னையில் தொடக்க விழா நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாட்டு வீரர்கள் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் வளாகத்தில் அமர்ந்து ஆடினார்கள். நான்கே மாத அவகாசம். இருந்தும் தேதி யாரையும் நசுக்கவில்லை, ஏனென்றால் கட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. சதுரங்கத்தையும் தடகளத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். நீச்சல் குளமும் ஓடுதளமும் ஹோட்டலுக்குள் அடங்காது. ஆனாலும் எவ்வளவு குறைவாகக் கட்டுகிறோமோ அவ்வளவுக்குத் தேதியின் பிடி தளர்கிறது. இதற்கு மறுகோடியில் இலங்கையின் அம்பாந்தோட்டை இருக்கிறது. போர் முடிந்த கையோடு, காட்டை ஒட்டிய சூரியவெவவில் 35,000 பேர் அமரும் கிரிக்கெட் மைதானத்தை 2011 உலகக் கோப்பைக்காக எழுப்பி, அன்றைய ஜனாதிபதியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 2018 காமன்வெல்த் போட்டிக்கும் அந்த ஊர் போட்டியிட்டு, 2011 நவம்பரில் கோல்டு கோஸ்டிடம் 43க்கு 27 என்று தோற்றது. வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் தங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் திரும்பக் காத்திருந்த நேரம் அது. தோற்றதால் அந்த நாடு எத்தனை பெரிய கடனிலிருந்து தப்பியது என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது.

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுப் பொதுச்சபை, 2030இன் நூற்றாண்டுப் போட்டியை அகமதாபாத்துக்கு வழங்கியது. மொடேராவில் 1,32,000 பேர் அமரும் கிரிக்கெட் ஸ்டேடியம் ஏற்கனவே நிற்கிறது. அதைச் சுற்றி விளையாட்டு வளாகம் எழப்போகிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அந்த ஸ்டேடியத்துக்கு வந்தபோது, விமான நிலையச் சாலையோரக் குடிசைகளை மறைத்துச் சுவர் எழுப்பிய ஊர் அது என்பதால், டெல்லியின் தட்டிகளை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். செய்ய வேண்டியவை சிக்கலானவையும் அல்ல. போட்டிக்காக எந்தக் குடியிருப்பு நகர வேண்டும் என்பதை இப்போதே வெளியிட்டு, மாற்று வீடு கட்டி முடித்த பிறகே பழைய வீட்டில் கைவைப்பது என்று சட்டமாக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டைத் திருப்ப முடியாதபடி பூட்டலாம்; தமிழ்நாடு 2024இல் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. போட்டி அமைப்போடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தகவல் உரிமை மனு இல்லாமலே மக்கள் படிக்கும்படி குஜராத்தியில் வெளியிடலாம். தணிக்கையாளர் போட்டி முடிந்து பத்து மாதம் கழித்து வராமல் ஆண்டுதோறும் வரலாம். இவை எல்லாவற்றையும் தேதி தூரத்தில் இருக்கும்போதுதான் செய்ய முடியும். 2029இல் கேட்டால் நேரமில்லை என்ற பதில்தான் வரும், அன்று அது உண்மையாகவும் இருக்கும்.

அகமதாபாத்தில் தினக்கூலிகள் காலையில் வேலைக்காகக் கூடி நிற்கும் முச்சந்திகளைக் கடியா நாக்கா என்கிறார்கள். தாஹோத், பஞ்சமகால் மாவட்டங்களிலிருந்தும் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, டுங்கர்பூர் பக்கமிருந்தும் பழங்குடிக் குடும்பங்கள் கணவன், மனைவி, கைக்குழந்தையோடு பல காலமாக அங்கே வந்து நிற்கின்றன. 2030க்கான கான்கிரீட்டில் பெரும்பகுதி அவர்கள் தலையில்தான் ஏறும். அவர்களுடைய நல வாரியப் பதிவு அந்த நாக்காவிலேயே நடக்க வேண்டும்; அட்டை கையில் வந்த பிறகுதான் முதல் தூணுக்குக் குழி தோண்ட வேண்டும்; கூலி மேஸ்திரியின் கை வழியாகப் போகாமல் பெண்ணுக்குத் தனியாக, ஆணுக்குத் தனியாக அவரவர் வங்கிக் கணக்கில் முழுதாக விழ வேண்டும்.